கை அளவு

சோடோவிலிருந்து மேலேறும் செம்மண் பாதையில்
வண்டி இரண்டு முறை புதைந்தது.
இரண்டு முறையும் ஹில்லெவிதான்
முதலில் இறங்கித் தள்ளினாள்.
பின்லாந்தில் முப்பது வருஷம் பேருந்து ஓட்டியவள்.
"ஓட்டுவதைவிடத் தள்ளுவது சுலபம்" என்றாள்.
டிரைவருக்கு அதை மொழிபெயர்த்தேன்.
அவன் சிரிக்கவில்லை.

என் பிழைப்பு அதுதான்.
இவர் சொன்னதை அவருக்கு, அவர் சொன்னதை இவருக்கு,
நடுவில் என் சரக்கு ஒரு சிட்டிகையும் சேராமல்.

வீட்டைச் சுற்றி வாழைபோல் நிற்கிறது, வாழை இல்லை.
பழத்துக்காக இதை யாரும் வளர்ப்பதில்லை.
தண்டைச் சுரண்டிக் குழியில் புதைத்துப்
புளித்த மாவில் ரொட்டி சுடுவார்கள்.
இலையைத் தடவி
"எப்போது பழுக்கும்?" என்று கேட்டாள்.
சொர்சாவின் அம்மா என் முகத்தைப் பார்த்தாள்.
"மழை விட்டதும்" என்று நானே சொல்லிவிட்டேன்.

காப்பி இலையை இஞ்சி, பூண்டு, மிளகாயோடு கொதிக்கவைத்து
முதல் கோப்பை விருந்தாளிக்கு.
கண்ணில் நீர் வர, இன்னொன்று கேட்டாள்.
அப்போதுதான் அந்த வீடு மூச்சு விட்டது.

சொர்சாவுக்குப் பதினாலு வயது.
இரவல் சட்டையில் மடிப்பு கலையாமல்
பள்ளிக்கூடப் படம்போல் உட்கார்ந்திருந்தான்.
ஏழு வருஷமாக அவள் வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில்
காந்தத்துக்கு அடியில் சிரிக்கிறவன்.

"கூரை மாற்றிய வருஷம் எழுதினாயே,
தகரத்தில் மழை விழுந்தால்
யாரோ நம்மைத் திட்டுவதுபோல் இருக்கிறதென்று.
இப்போதும் அப்படியா?"

நான் சொன்னேன்.
சொர்சா விழித்தான்.
மழையாவது, திட்டாவது. அவனுக்குப் பந்துதான் உலகம்.

அடுப்பு ஊதிக்கொண்டிருந்த பலாய்னெஷ்
திரும்பாமலே சொன்னாள்:
"பழகிவிட்டது. இப்போது அது
எதையோ எண்ணிக்கொண்டிருப்பதுபோல் கேட்கிறது."

"பழகிவிட்டதாம் அவனுக்கு" என்றேன்.
அவனுக்கு.
என் சரக்கு இரண்டாவது சிட்டிகை.

பதினாலு கடிதங்களையும் ஆங்கிலமாக்கியவன் நான்.
அந்தச் சாய்ந்த எழுத்தை எனக்குத் தெரியும்.
வீட்டுக்கு ஒரு பிள்ளை என்பது அலுவலக விதி.
பெயர் எழுத நாங்கள் வந்த அன்று
பலாய்னெஷ் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள்.
அவ்வளவுதான்.

ஹில்லெவி சொன்னாள்:
"அந்தக் கடிதத்தைக் கடைசி நிறுத்தத்தில் படித்தேன்.
எஞ்சினை அணைத்துவிட்டு, வெளியே பனி.
எங்கள் ஊரில் அது சத்தமே போடாது.
யாராவது திட்டினால் தேவலை என்றிருந்தது எனக்கு."

இதை மட்டும் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல்
அடுப்பின் பக்கம் பார்த்துச் சொன்னேன்.
ஊதுவது நின்றது.
புகை தன் இஷ்டத்துக்குப் போயிற்று.

பிறகு பையிலிருந்து கையுறைகள்.
நீலக் கம்பளி, மணிக்கட்டில் ஒரு வெள்ளைக் கோடு.
"சென்ற வருஷக் கடிதத்தில் கையை வைத்து வரைந்தாயே,
அந்த அளவுக்கே பின்னினேன்."

சொர்சா மாட்டினான்.
ஐந்து நுனியிலும் அரை விரல் அளவு காலியாகத் தொங்கியது.
அம்மா தரையைப் பார்த்தாள்.
ஒரு கோழி உள்ளே வந்து, யாரும் விரட்டாததால்
குழம்பித் திரும்பிப் போனது.

"வளர்வான்" என்று ஹில்லெவி சிரித்தாள்.

தெரிந்து சிரித்தாளா?
எனக்குத் தெரியாது. அதற்கு வார்த்தை வரவில்லை,
வந்தால்தானே நான் பெயர்க்க முடியும்.
கிளம்பும்போது எல்லோர் கையையும் குலுக்கினாள்.
பலாய்னெஷின் கையை மட்டும் விரித்து,
தன் உள்ளங்கையோடு வைத்து,
நிறுத்தத்தில் யாரோ இறங்கி முடிக்கும்வரை
கதவைத் திறந்து வைத்திருப்பவள்போல்
காத்திருந்தாள்.

வண்டியில் நான் நிரப்பவேண்டிய படிவம்.
ஆறாவது கேள்வி: கடிதங்களைக் குழந்தை தன் கையால் எழுதுகிறதா?
ஆம், இல்லை, இரண்டு கட்டங்கள்.

குழந்தை எழுதியது. தன் கையால்தான் எழுதியது.

பாதை குலுக்கியது, பேனா ஓடவில்லை என்று
ஊர் வந்து சேரும்வரை
எனக்கு நானே மொழிபெயர்த்துக்கொண்டேன்.